உங்களச் சொல்லல டீட்டா

வேலை மாத்தலாகி மணிலாவுக்குப் புதுசா போயிருக்கற ஃப்ரெண்டு ஒருத்தன் போன வாரம் போன்ல பேசிட்டிருக்கும்போது போற போக்குல சொன்னான், "இங்க கொரியன்ஸ் கூட பரவால்ல மச்சான், இந்த சைனாக்காரனுங்கதான் நாட்டயே கெடுத்து வச்சிருக்கானுங்க"ன்னு. எந்த சைனாக்காரன்டான்னு கேட்டேன். "எந்தன்னா என்ன, எல்லாரும்தான்"னான். அவன் போய் இறங்கி இன்னும் சிம் கார்டே சரியா செட் ஆகல, இத அவனா கண்டுபிடிச்சிருக்க வாய்ப்பில்ல, கிராப் டாக்ஸி டிரைவர் சொல்லியிருப்பார், இல்ல ஆபீஸ் லன்ச் டேபிள்ல காதுல விழுந்திருக்கும். நான் அங்க இருந்த வருஷம் பூரா இதே டயலாக்க சலூன்லயும் லிஃப்ட்லயும் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு. சொல்ற ஆளு முன்னாடி தட்டுல ஷோமாய் இருக்கும், பான்சித் நூடுல்ஸ் இருக்கும், ரெண்டும் சைனாவுலேருந்து வந்த சாப்பாடு, பாதி பேருக்கு குடும்பப் பேர்லயே டான் இல்லன்னா லிம்னு ஒரு சீனப் பேர் ஒட்டிட்டிருக்கும், இருந்தாலும் வாய் நிறைய சொல்லுவாங்க. ஃப்ரெண்டுகிட்ட பதில் சொல்ல ஆரம்பிச்சு, அவனுக்கு மீட்டிங் வந்து, அவன் கட் பண்ணிட்டான். பாதில நின்ன பேச்சு எனக்குள்ள ஓடிட்டே இருக்கு, அதான் இங்க கொட்டறேன், நீளமா இருக்கும், நேரம் இருந்தா படிங்க.

நான் இருந்தது மெட்ரோ மணிலாவோட தெக்கால, பரன்யாக்கேவும் லாஸ் பின்யாஸும் சேர்ற இடத்துல ஒரு காண்டோ, அதாவது அடுக்குமாடி அபார்ட்மெண்ட். வேலை அலபாங்ல. அந்த ஏரியாவுக்கு ஒரு விசேஷம் உண்டு, பக்கத்து பிஎஃப் ஹோம்ஸ் காலனில அகிர்ரே அவென்யூ முழுக்க கொரியன் போர்டா இருக்கும், மளிகை, சலூன், பார்பிக்யூ எல்லாமே. எங்க பில்டிங்ல பழைய சீனக் குடும்பம் சிலது சொந்தமா வீடு வாங்கி இருந்தாங்க, அவங்கள அங்க சினோய்னு சொல்லுவாங்க, தலைமுறை தலைமுறையா அங்கயே பொறந்து வளர்ந்தவங்க. 2017, 2018 வாக்குல மூணாவதா ஒரு கூட்டம் வந்துச்சு, மெயின்லேண்ட் சைனாவுலேருந்து நேரா வந்த சின்னப் பசங்க, ஆன்லைன் சூதாட்டக் கம்பெனி வேலைக்கு. ஆக வெளியூர்க்காரங்கள்ல மூணு வகை ஒரே லிஃப்ட்ல ஏறி இறங்கிட்டு இருந்தோம், நாலாவதா நானு.

பினோண்டோ பக்கம்

பழைய சீனர்களப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மணிலாவோட பினோண்டோ பேட்டையில சாப்பிடப் போய்த் தெரிஞ்சுக்கிட்டதுதான். 1594ல ஸ்பானிஷ்காரன் கிறிஸ்துவனா மாறின சீனர்களுக்குன்னு ஒதுக்கிக் கொடுத்த இடம், உலகத்துலயே பழைய சைனாடவுன்னு பெருமையா சொல்லிக்குவாங்க. மதம் மாறாதவங்களுக்கு பரியான்னு தனி பேட்டை, அத கோட்டைச் சுவத்துக்கு வெளிய, பீரங்கி குண்டு போய் விழற தூரத்துல வச்சிருந்தான். சமைக்க, தைக்க, செருப்பு பண்ண, கடை வைக்க எல்லாத்துக்கும் சீனன் வேணும், ஆனா பயமும் இருக்கு. 1603ல அந்த பயம் வெடிச்சுது, சீனர்கள் கிளர்ச்சி பண்ணாங்கன்னு சொல்லி நடந்த படுகொலையில செத்தவங்க 15,000லேருந்து 25,000 வரைக்கும்னு ஆளாளுக்கு ஒரு கணக்கு சொல்றாங்க. கொன்னதுல ஸ்பானிஷ்காரன் மட்டும் இல்ல, உள்ளூர் ஆளுங்களும் ஜப்பான்காரங்களும் கூட சேந்துதான். அப்புறம் கொஞ்ச வருஷத்துலயே திரும்ப சைனாவோட ஃபூஜியன் மாகாணத்துலேருந்து கப்பல் வர ஆரம்பிச்சிருச்சு, ஏன்னா அவங்க இல்லாம ஊர்ல எந்த வேலையும் நடக்கல.

அந்த ஊர்ல ஓங்பின் தெருவுல சுவத்தோரமா ஒரு சிலுவை இருக்கு, சாந்தோ கிறிஸ்தோ தெ லோங்கோஸ்னு பேரு. வர்றவங்க ஊதுபத்தி கொளுத்தி ரெண்டு கையாலயும் பிடிச்சு மூணு தடவ ஆட்டிட்டு, அப்புறம் சிலுவை போட்டுக்கிட்டு, சம்பகீத்தா மல்லி மாலை ஒண்ண மாட்டிட்டுப் போவாங்க. யாரு சீனன், யாரு பிலிப்பினோன்னு அந்த வரிசையில நின்னு கண்டுபிடிக்க முடியாது. கொஞ்சம் தள்ளி பினோண்டோ சர்ச், அதுல இருக்கற சான் லொரென்சோ ரூயிஸ்தான் பிலிப்பினோக்களோட முதல் புனிதர், 1987ல பட்டம் கொடுத்தாங்க, அவங்கப்பா சீனர். தேசத் தந்தை மாதிரி வச்சிருக்கற ஹொசே ரிசாலோட அப்பா வழி மூதாதை ஃபூஜியன்லேருந்து வந்தவர். கொராசோன் அகினோ ஜனாதிபதியா இருக்கும்போது 1988ல சைனா போயி தன் பிறந்த வீடான கோஜுவாங்கோ குடும்பத்தோட பூர்வீக கிராமத்த பாத்துட்டு வந்தாங்க. ஊரெல்லாம் நிக்கற எஸ்எம் மால், பன்னெண்டு வயசுல ஃபூஜியன்லேருந்து வந்த ஹென்றி சீ ஆரம்பிச்ச செருப்புக் கடையிலேருந்து வந்தது. பிலிப்பினோ எங்க போனாலும் ஏங்கற ஜாலிபீ சிக்கன், அதுவும் ஃபூஜியன் குடும்பத்துப் பையன் 1975ல ஆரம்பிச்ச ஐஸ்க்ரீம் கடை. இப்படி அடுக்கிட்டே போலாம், போரடிக்கும்.

ஆனா எனக்கு இதெல்லாத்தயும் விட மனசுல நிக்கறது அந்த ஊதா கலர் ஃபயர் இன்ஜின். முதல்ல பாத்தப்ப ஏதோ விளம்பர வண்டின்னு நினைச்சேன். எங் பீ டின்னு 1912லேருந்து இருக்கற கடை, உள்ள பூரணம் வச்ச ஹோப்பியான்னு ஒரு பலகாரம் விக்கறவங்க, ஊபே கிழங்கு வச்ச ஊதா ஹோப்பியா வித்துத்தான் நொடிஞ்சு போன தொழில தூக்கி நிறுத்துனாங்களாம், அந்த நன்றிக்கு தீயணைப்பு வண்டிய அதே கலர்ல வாங்கி விட்டிருக்காங்க. மணிலாவுல சினோய் ஆளுங்க நடத்தற வாலண்டியர் தீயணைப்புப் படை நிறைய. பகல்ல ஹார்ட்வேர் கடையில பில் போடற ஆளு சைரன் சத்தம் கேட்டா பூட்ஸ மாட்டிட்டு கிளம்பிருவாரு. குடிசை பத்தி எரிஞ்சாலும் போவாங்க, கேள்வி கேக்க மாட்டாங்க. இது தர்மம் மட்டும்தான்னு நான் நம்பல, மரக்கட்டிடமும் துணிக் கிடங்குமா இருக்கற ஊர்ல எதிர்வீடு எரிஞ்சா அடுத்தது நம்ம கடைதான். ரெண்டும் கலந்து இருக்கு, அதனாலதான் எனக்கு அது பிடிச்சிருக்கு.

டீச்சர்

கொரியன் கதை வேற மாதிரி. என் டீம்ல இருந்த பொண்ணு ஒருத்தி, கூட வேலை பாக்கறவங்க எல்லாரும் ஆத்தேன்னு, அதாவது அக்கான்னு கூப்பிடுவோம், எங்க கம்பெனிக்கு வரதுக்கு முன்னாடி செபுவுல கொரியன்ஸுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்துட்டிருந்தாங்க. அந்த ஸ்கூல்களப் பத்தி அவங்க சொல்ற கதை கேக்கணும். ஸ்பார்ட்டான்னே ஒரு வகை இருக்கு, வாரநாள்ல கேட்டத் தாண்ட விட மாட்டாங்க, காலைலேருந்து ராத்திரி வரைக்கும் கிளாஸ். ஒரு ஆளு உக்கார்ற அளவுக்குத் தடுத்த சின்னச் சின்ன ரூம்ல ஒரு டீச்சர், ஒரு ஸ்டூடண்ட், நேருக்கு நேரா. அமெரிக்கா போயி படிக்கற காசுல ஒரு பங்குக்கு இங்க ஆள் வச்சு நாள் முழுக்க பேசிப் பழகலாம், அதுதான் வியாபாரம். பாகியோவுலயும் செபுவுலயும் இதனாலயே தெருவுக்குத் தெரு கொரியன் கடை. அப்பா சியோல்ல சம்பாதிச்சு அனுப்ப, அம்மாவும் பிள்ளைங்களும் இங்க வந்து தங்கிப் படிக்கற குடும்பங்க எங்க பில்டிங்லயே இருந்துச்சு.

ஆத்தே சொன்னது, ஸ்டூடண்ட்ஸ்ல முக்காவாசி காலேஜ் பசங்க, ஆனா அம்பது வயசு கம்பெனி மேனேஜரும் வருவாரு. ஊர்ல பத்து பேர அதட்டற ஆளு, இங்க வந்து இருவத்தி மூணு வயசு பொண்ணு முன்னாடி 'எஃப்'புக்கும் 'பி'க்கும் வித்தியாசம் வராம வேர்த்து விறுவிறுத்து உக்காந்திருப்பாரு, கிளாஸ் முடிஞ்சு தலை குனிஞ்சு வணக்கம் சொல்லிட்டுப் போவாரு. "எனக்கு சம்பளம் கம்மி, மாசக் கடைசியில ஸ்டூடண்ட் ஃபார்ம்ல மார்க் கொறச்சுப் போட்டா என்ன மாத்திருவாங்க, ஆனா அந்த ரூம்குள்ள நான்தான் டீச்சர்"னாங்க. இத நான் அடிக்கடி யோசிச்சிருக்கேன். வெளிநாட்டுக்காரன் காசோட வர்றான், ஆனா உள்ளூர்க்காரி கிட்ட இல்லாம அவனுக்கு ஆகாத ஒண்ணு இருக்கு. கொரியா மேல பிலிப்பினோ வச்சிருக்கற பாசத்துக்கு டிவி சீரியல், பாட்டு, சாம்கியுப்சால்ங்கற பன்னிக்கறி பார்பிக்யூன்னு ஆயிரம் காரணம் சொல்லுவாங்க. எல்லாம் சரிதான். 2003லேருந்து உள்ளூர் மொழி தகாலாக் டப்பிங்ல கொரியன் சீரியல் பாத்து ஒரு தலைமுறையே வளந்திருக்கு, இங்க சின்ன வயசுல வந்து டிவி போட்டியில ரன்னர் அப் ஆகி பேரெடுத்துட்டு அப்புறம் சியோல் போயி பெரிய ஸ்டாரான சாண்டரா பார்க்க இன்னிக்கும் எங்க பொண்ணுன்னுதான் சொல்லுவாங்க. ஆனா அந்த தடுப்பு ரூமுக்கும் இதுல பங்கு இருக்குன்னு எனக்குத் தோணுது.

அதுக்காக கொரியன் சங்கதி எல்லாம் தேனும் பாலும்னு சொல்ல வரல. ஆங்கெலஸ் சிட்டி பக்கம் போனா வேற முகம். அமெரிக்காக்காரன் க்ளார்க் விமானப்படைத் தளத்த 1991ல பினாதுபோ எரிமலை வெடிச்சப்ப விட்டுட்டுப் போன ஊரு, அவன் போனதும் காலியான பார் தெருவுக்கு இப்ப கஸ்டமர் கொரியன் டூரிஸ்ட். அப்பன் சியோலுக்குத் திரும்பிப் போயி போன் நம்பரயும் மாத்திட்ட பிள்ளைங்க அங்க ஆயிரக்கணக்குல, கோபினோன்னு பேரு. இன்னொரு பக்கம், 2016ல அதே ஆங்கெலஸ்ல ஒரு கொரியன் வியாபாரிய வீட்லேருந்து தூக்கிட்டுப் போயி தேசிய போலீஸ் தலைமையகத்துக்குள்ளயே வச்சுக் கொன்னது போலீஸ்காரங்க, கொன்னதுக்கப்புறமும் அவர் பொண்டாட்டிகிட்ட பணம் வாங்கியிருக்காங்க. 2020ல பிலிப்பினோ வம்சாவளி டிக்டாக் பொண்ணு ஒருத்தி கையில, ஒரு காலத்துல கொரியாவ அடிமையா வச்சிருந்த ஜப்பானோட உதய சூரியன் டாட்டூ இருந்ததுக்கு கொரியன் பசங்க மொத்த பிலிப்பினோக்களயும் ஏழைங்க, படிக்காதவங்கன்னு எழுத, ரெண்டே நாள்ல கொரியாவ கேன்சல் பண்ணுன்னு ஹேஷ்டேக் பறந்துச்சு. அடுத்த வாரம் எல்லாரும் திரும்ப சாம்கியுப்சால் கடையில. கோவம் வந்த வேகத்துலயே போயிருச்சு, ஏன்னா கொரியன் இங்க விருந்தாளி. அவன் நம்ம ஆளா இல்லயான்னு முடிவு பண்ண வேண்டிய அவசியமே யாருக்கும் வரல.

வேன்ல வந்து வேன்ல போனவங்க

சூதாட்டக் கம்பெனிகளுக்கு போகோன்னு பேரு, டுட்டெர்டே ஜனாதிபதியா வந்த 2016லேருந்து லைசென்ஸ் கொடுத்தாங்க. சைனாவுல சூதாட்டம் சட்டப்படி தப்பு, ஆனா ஆட ஆசப்படற ஜனம் கோடிக்கணக்குல, அதனால மணிலாவுல உக்காந்துட்டு மாண்டரின்ல பேசி ஆட வைக்கணும். அதுக்கு மாண்டரின் தெரிஞ்ச ஆளு வேணும், உள்ளூர் சினோய்க்கு வீட்டுல ஃபூஜியன் பக்கத்து ஹொக்கியன் மொழி, வெளிய தகாலாக், மாண்டரின் ஸ்கூல்ல படிச்சதோட சரி. அதனால ஆள இறக்குனாங்க. எங்க பில்டிங்ல ஒரு ஸ்டூடியோ வீட்டுல ஆறு ஏழு பசங்க, ரெண்டு ஷிஃப்ட், ஒருத்தன் எழுந்தா அந்தக் கட்டில்ல இன்னொருத்தன். வாசல்ல வேன் வரும், ஏத்திட்டுப் போகும், பன்னெண்டு மணி நேரம் கழிச்சு கொண்டாந்து இறக்கும். சாப்பாட்டுக் கடை அவங்களோடது, மெனு முழுக்க சீன எழுத்து, காசு போன்லயே சீன ஆப்ல. உள்ளூர் காசான பெசோவயே கையில தொடாம மாசக்கணக்குல இருந்திருக்கலாம். நம்ம ஊர் அண்ணாச்சி கடையில மாசக் கணக்கு நோட்டு ஒண்ணு இருக்கும் பாருங்க, அந்த மாதிரி அவங்க பேர்ல எந்த நோட்டும் அந்தத் தெருவுல இல்ல, அவங்க நோட்டுலயும் தெருவோட பேர் இல்ல.

லிஃப்ட்ல சிகரெட் பிடிச்சாங்க, சத்தமா பேசுனாங்க, உண்மைதான், எனக்கும் எரிச்சல் வந்துச்சு. 2019 பிப்ரவரியில ஒரு சீன ஸ்டூடண்ட் பொண்ணு போனி மெட்ரோ ஸ்டேஷன்ல கையில இருந்த தஹோ கப்ப, சோயாவுல பண்ற இனிப்பு அது, ரயிலுக்குள்ள கொண்டு போகக் கூடாதுன்னு தடுத்த போலீஸ்காரர் மேல வீசிருச்சு, நாடே கொந்தளிச்சுது, நாடு கடத்தணும்னு கேஸ் போட்டாங்க. தஹோவே சீனாவுலேருந்து வந்த பண்டம்ங்கறது அந்த வாரம் யாருக்கும் ஞாபகம் வரல. அந்தப் பொண்ணு போகோ ஆளும் கிடையாது, படிக்க வந்தது. ஆனா அதுக்குள்ள எல்லாம் ஒரே மூட்டையா கட்டியாச்சு, சைனாவோட கடல் எல்லைச் சண்டையில வர்ற ஸ்கார்பரோ ஷோல் திட்டு, மீன்பிடிப் படகு, கடல் தீர்ப்பு, வீட்டு வாடகை ஏறுனது எல்லாம் உள்ள. அடுத்த வருஷம் செனட் விசாரணையில வெளிய வந்துச்சு, ஏர்போர்ட்ல இமிக்ரேஷன் ஆளுங்க தலைக்கு 10,000 பெசோ வாங்கிட்டு சீனர்கள கேள்வி கேக்காம உள்ள விட்டிருக்காங்க, காச வெள்ளைத் தாள்ல சுருட்டி பாஸ்தியாஸ் மிட்டாய் மாதிரி கொடுத்ததால பாஸ்தியாஸ் ஊழல்னே பேரு. வாங்குனது யாரு? இதக் கேட்டா லன்ச் டேபிள்ல சட்டுனு பேச்சு வேற பக்கம் போயிரும்.

அந்த மீட்டிங்

2019 கடைசியில எங்க காண்டோவுல குடியிருப்போர் மீட்டிங். விஷயம் இதுதான், போகோ ஆளுங்களுக்கு வாடகைக்கு விடக் கூடாதுன்னு விதி கொண்டு வரணும். நான் வாடகைக்காரன், ஓட்டு கிடையாது, ஓனர் ஊர்ல இல்லாததால என்ன போயி உக்காந்து கேட்டுட்டு வான்னாரு. ஃபங்ஷன் ஹால்ல பிளாஸ்டிக் சேர், ஏசி வேலை செய்யல, ஒரு நாப்பது பேரு. முதல்ல எழுந்து பேசுனது எங்க மாடியில இருந்த டீட்டா, அங்க வயசான பொம்பளைங்கள அத்தைன்னு கூப்பிடற மாதிரி அப்படித்தான் கூப்பிடுவாங்க. எழுவதத் தொடற வயசு, சினோய், டிவிசோரியா மார்க்கெட்ல பூட்டு தாழ்ப்பாள் மொத்த வியாபாரம் பண்ணி பிள்ளைங்ககிட்ட விட்டுட்டவங்க. அவங்க பேசுன மாதிரி அன்னிக்கு யாரும் பேசல. இந்த மெயின்லேண்ட் பசங்களுக்கு மேனர்ஸ் இல்ல, துப்பறானுங்க, பெரியவங்கள மதிக்கறதில்ல, இவனுங்களால எங்க பேரும் கெடுது, வெளிய அனுப்புங்கன்னு தகாலாக்லயே போட்டு உடைச்சாங்க. எல்லாரும் கை தட்டுனாங்க.

அப்புறம் அஞ்சாவது மாடி ஆளு ஒருத்தர் எழுந்தாரு, வக்கீல், நல்லா ஜோக்கடிப்பாரு. "கடல எடுத்துக்கிட்டானுங்க, இப்ப லிஃப்டயும் எடுத்துக்கிட்டானுங்க, இந்த சைனீஸ்காரனுங்க எல்லாம் வந்த படகுலயே திரும்பிப் போகட்டும்"னாரு. ஹால் முழுக்க சிரிப்பு. சிரிப்பு அடங்கறப்ப அவர் கண்ணு டீட்டா மேல பட்டுச்சு. சட்டுனு கைய நீட்டி, "உங்களச் சொல்லல டீட்டா, நீங்க நம்ம ஆளு"ன்னாரு. டீட்டாவும் சிரிச்சாங்க, ஆமா ஆமான்னு தலையாட்டுனாங்க. மனசுல வச்சுட்டு யாரும் எதுவும் சொல்லல, உண்மையான பிரியத்துலதான் சொன்னாரு, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பின்வரிசையில எங்க கீழ்மாடி கொரியன் சார் உக்காந்திருந்தாரு. அவர் மூணு வீடு வாடகைக்கு எடுத்து லீவு மாசங்கள்ல கொரியன் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் கேம்ப் நடத்தறவரு, ஒரு வீட்டுல எட்டு பிள்ளைங்க கூட இருக்கும், காரிடார்ல ஓடறதும் கத்தறதும் காது கிழியும். தலைக்கு இத்தனை பேருதான்னு விதி எழுதுனப்ப அவர் வீட்ட யாரும் நினைச்சுக் கூடப் பாக்கல. கிறிஸ்துமஸுக்கு வாட்ச்மேன் எல்லாருக்கும் கிம்ச்சி டப்பாவும் கவரும் கொடுக்கறவரு, ஆறு உள்ளூர் டீச்சருக்கு சம்பளம் கொடுக்கறவரு, அவர் எப்படி பிரச்சினை ஆவாரு? விதி பாஸாச்சு.

லிஃப்டுக்கு நிக்கும்போது டீட்டா என்னப் பாத்து, "கேட்டியா ஈஹோ?"ன்னாங்க, ஈஹோன்னா மகனேன்னு அர்த்தம். கேட்டேன்னேன். "இது எனக்கு எத்தனாவது தடவன்னு நினைக்கற? ஸ்கூல்ல சொன்னாங்க, மார்க்கெட்ல சொன்னாங்க, எங்க ஆளுங்கள பணத்துக்காகக் கடத்துன காலத்துல போலீஸ் ஸ்டேஷன்ல கூட சொன்னாங்க"ன்னாங்க. எனக்கு சிரிப்பு வந்துருச்சு, ஏன்னா எனக்கும் அது பழக்கம்தான். அங்க இந்தியன்னா பும்பாய், பைக்ல வந்து வட்டிக்கு விடற பஞ்சாபி, அஞ்சு கொடுத்து ஆறு வாங்குவான், அழற பிள்ளைய பும்பாய் சாக்குல போட்டு தூக்கிட்டுப் போயிருவான்னு பயம் காட்டுவாங்க. அப்படிச் சொல்லிட்டு உடனே என்னப் பாத்து உங்களச் சொல்லல சார்னு சொல்லாத ஆபீஸே நான் பாத்ததில்ல. இத டீட்டாகிட்ட சொன்னேன். அன்னிக்கு ராத்திரி அவங்க வீட்டுல டீ குடிச்சிட்டே பதினோரு மணி வரைக்கும் கதை.

டீட்டாவோட தாத்தாவுக்கு பங்கசினான் பக்கம் ஒரு ஊர்ல மளிகைக் கடை. 1954ல ஒரு சட்டம் வந்துச்சு, சில்லறை வியாபாரம் குடிமக்களுக்கு மட்டும்தான்னு. ஏற்கனவே கடை வச்சிருக்கற வெளிநாட்டுக்காரன் சாகற வரைக்கும் நடத்திக்கலாம், செத்துட்டா வாரிசுக்கு ஆறு மாசம், அதுக்குள்ள சரக்க வித்து மூடிடணும். தாத்தா செத்தாரு. அப்பா அந்த ஊர்லயே பொறந்தவரு, ஆனா கையில இருந்தது தைவான் பாஸ்போர்ட், குடியுரிமை வாங்கணும்னா கோர்ட்டு, வக்கீல், லஞ்சம்னு கடையோட மதிப்பே போயிரும். டீட்டாவுக்கு அப்ப பத்து வயசு கூட ஆகல. ஆறு மாசம் முடியறதுக்குள்ள அப்பா ஒண்ணு பண்ணாரு, கடையில மூட்டை தூக்கிட்டிருந்த உள்ளூர் ஆளு ஒருத்தர கூட்டிட்டுப் போயி கடைய அவர் பேர்ல எழுதிக் கொடுத்துட்டாரு. சட்டப்படி அதுவும் குத்தம், பினாமிக்குன்னே தனிச் சட்டம் இருக்கு. போர்டுல அவர் பேரு, கல்லாவுல அப்பா. அந்த மனுஷன் நினைச்சிருந்தா ஒரு நாள் காலைல வந்து வெளிய போங்கன்னு சொல்லியிருக்கலாம், கேக்க நாதி கிடையாது. பதினாலு வருஷம் சொல்லல. 1975ல சைனாவோட உறவு வைக்கப் போற சமயத்துல அப்ப ஜனாதிபதியா இருந்த மார்கோஸ் உத்தரவு போட்டு குடியுரிமைய சுலபமாக்குனாரு, அப்பா பிலிப்பினோ ஆனாரு, கடை திரும்ப அவர் பேருக்கு வந்துச்சு. அந்த மூட்டை தூக்குனவரோட பேரப் பசங்க ரெண்டு பேரு இன்னிக்கும் டிவிசோரியா கடையிலதான் இருக்காங்க, ஒருத்தர் மேனேஜர்.

நான் இதக் கேட்டு உருகிப் போயி, அப்ப உங்களுக்கு வித்தியாசமே இல்லல்லன்னு ஏதோ சொன்னேன். டீட்டா ஒரு மாதிரி பாத்தாங்க. "அந்த மேனேஜர் பையன் என் பொண்ணக் கேட்டான்"னாங்க. பத்து வருஷம் முன்னாடி நடந்தது. நல்ல பையன், தெரிஞ்ச குடும்பம், கடையவே காப்பாத்துன குடும்பம். இவங்க முடியாதுன்னுட்டாங்க. சினோய் வீடுகள்ல இதுக்கு கிரேட் வால்னு பேரு, பிள்ளைங்க தங்களுக்குள்ள சொல்லிக்கற கிண்டல், சீனன் இல்லாதவன கட்டக் கூடாதுன்னு அப்பா அம்மா கட்டற சுவர். பொண்ணு வான்கூவர் போயி அங்க யாரையோ கட்டிக்கிச்சு, அவன் வெள்ளைக்காரன். "அதுக்கு நீங்க எதுவும் சொல்லலையா?"ன்னேன். "தூரத்துல இருக்கான்ல"ன்னாங்க, டீய ஊத்திக்கிட்டே. அதுக்கு மேல நான் கேக்கல.

அந்த ராத்திரிக்கு அப்புறம் என் கேள்வியே மாறிப் போச்சு. அதுவரைக்கும் கொரியனப் பிடிக்குது, சைனீஸப் பிடிக்கல, ஏன்னு தேடிட்டிருந்தேன். பிடிக்கறதும் பிடிக்காததும் பெரிய விஷயமே இல்லன்னு தோணுச்சு. ஒருத்தன் கழுத்து இன்னொருத்தன் கையில இருக்கணும், இவன் பேர்ல கடை, அவன் கையில கல்லா. அப்படி மாட்டிக்கிட்ட ரெண்டு பேரு, திட்டிக்கலாம், பொண்ணு கொடுக்காம இருக்கலாம், 1603 மாதிரி கொன்னும் இருக்காங்க, ஆனாலும் பிரிஞ்சு போக முடியாது. செபு ஸ்கூல்ல அந்த மேனேஜரும் ஆத்தேவும் அதுல ஒரு சின்ன சைஸ், மூணு மாசத்துக்கு. போகோ பசங்கள கொண்டாந்தவன் இந்த மாட்டிக்கற வேலையே வரக்கூடாதுன்னு திட்டம் போட்டுத்தான் கொண்டாந்தான், பாஸ்போர்ட்ட பிடுங்கி வச்சுக்கிட்டு, வேன்ல ஏத்தி, சாப்பாட்டயும் உள்ளயே போட்டு. 2023 ஜூன்ல எங்க லாஸ் பின்யாஸ்லயே ஒரு காம்பவுண்ட்ல ரெய்டு நடந்து 2,700 பேருக்கு மேல மீட்டாங்க, நான் அப்ப அந்த ஊர விட்டு வந்துட்டேன், நியூஸ்லதான் பாத்தேன். அதுல பாதிக்கு மேல பிலிப்பினோக்கள், உள்ளூர் ஆளையும் அதே கேட்டுக்குள்ள பூட்டி வச்சிருந்திருக்கான். லிஃப்ட்ல சிகரெட் பிடிச்ச பசங்கள்ல எத்தன பேரு விருப்பப்பட்டு வந்தான், எத்தன பேரு மாட்டிக்கிட்டு வந்தான்னு நாங்க யாருமே கேக்கல. அவங்கள்ல ஒருத்தன் ஒரு தடவ போன்ல மொழிபெயர்ப்பு ஆப்ப நீட்டி வயித்துவலி மாத்திரை எங்க கிடைக்கும்னு கேட்டான், நான் கை காட்டுனேன், எங்களுக்குள்ள நடந்த மொத்தப் பேச்சே அதுதான்.

2024 ஜூலைல அவர் பையன், ஜனாதிபதி மார்கோஸ் ஜூனியர், போகோவ மொத்தமா தடை பண்ணாரு, வருஷக் கடைசிக்குள்ள எல்லாத்தயும் மூடிட்டாங்க. அதே வருஷம் பம்பான் ஊர் மேயரா இருந்த ஆலிஸ் குவோ விவகாரம், முனிசிபல் ஆபீஸுக்குப் பின்னாடியே போகோ காம்பவுண்டு, கைரேகைய பாத்தா இவங்க சீனக் குடிமகள்னு விசாரணை அமைப்பு சொன்னது, 2025 நவம்பர்ல ஆள் கடத்தல் வழக்குல ஆயுள் தண்டனை. அந்த விசாரணை நடந்தப்ப டீட்டா வைபர் ஆப்ல எழுதுனாங்க, பிறப்புச் சான்றிதழ லேட்டா பதிஞ்சிருக்குன்னு அந்தம்மாவ சந்தேகப்படறாங்க, எங்க தலைமுறையில பாதிப் பேரு லேட்டாதான் பதிஞ்சோம், இப்ப எங்கள யாரு சந்தேகப்படப் போறாங்களோன்னு. பின்னாடியே ஒரு சிரிக்கற பொம்மை.

போன மாசம் பேசுனப்ப காண்டோ கதை கேட்டேன். பாதி காலியாம், வாடகை எல்லாம் எறங்கிப் போச்சாம். அந்த அஞ்சாவது மாடி வக்கீலுக்கு அதே பில்டிங்ல இன்னொரு வீடு இருந்திருக்கு, புரோக்கர் மூலமா போகோவுக்குத்தான் விட்டிருந்தாராம், ஆறு மாச அட்வான்ஸு, கையில ரொக்கமா, அந்த மீட்டிங் நடக்கறப்பவும். இப்ப ஒரு வருஷமா பூட்டிக் கிடக்குன்னு டீட்டாகிட்டயே வந்து கேட்டிருக்காரு, உங்க ஆளுங்கள்ல யாராவது நல்ல வாடகைக்காரங்க இருந்தா சொல்லுங்க டீட்டான்னு. "உங்க ஆளுங்களா, அன்னிக்கு நம்ம ஆளுன்னாரே?"ன்னேன். டீட்டா அதுக்கு பதில் சொல்லல, ஆள் பிடிச்சுக் கொடுத்துட்டேன், ஒரு மாச வாடகைய கமிஷனா வாங்கிட்டேன்னாங்க. யாருன்னு கேட்டேன். லாஸ் பின்யாஸ்ல மெடிசின் படிக்கற இந்தியன் பசங்களாம், நாலு பேரு, காரிடார் பூரா தாளிக்கற வாசனைன்னு ஏற்கனவே ரெண்டு கம்ப்ளைண்ட் வந்துருச்சாம்.